மொறிஸ் மைனரின் கொம்பிரஷனைக் கூட்டுவது: சீவுவதற்கு முன் அளக்க வேண்டியவை

முதன்முதலில் ஒரு சிலிண்டர் ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடியை, அடிமுகத்தில் சீவக் கொடுத்தபோது நான் பட்டறையில் சொன்ன அளவு ஒரே ஒரு சொல்: "கொஞ்சம்." பட்டறைக்காரரின் கொஞ்சம் இரண்டு மில்லிமீற்றராக இருந்தது. பூட்டி ஓட்டியபோது சமதரையில் கார் துள்ளிக்கொண்டு போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியதும் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்தது. தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோன்ற சத்தம். அன்று ஓரமாக நிறுத்திவிட்டுச் சிந்தித்தவற்றையும், அதற்குப் பின் கழற்றிய பல ஹெட்டுகளிடம் கற்றவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்பனர் பிடிக்கத் தெரிந்த, ஆனால் இந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவருக்கான வழிகாட்டி இது.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது மொறிஸ் மைனர் 1000 காரின் 1098 சிசி எஞ்சின். இது பிஎம்சி நிறுவனத்தின் ஏ-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1951இல் ஒஸ்டின் ஏ30 காருடன் வெளிவந்த எஞ்சின் அது. ஒஸ்டினும் மொறிஸும் பிஎம்சி என்ற ஒரே நிறுவனமாக இணைந்த 1952இல் மைனருக்குள் வந்தது. 1956இல் 948 சிசியாகவும் 1962இல் 1098 சிசியாகவும் வளர்ந்தது. உங்களிடம் 948 இருந்தால் முறை இதேதான், எண்கள் மட்டும் வேறு. எண்களை இரவல் வாங்காதீர்கள். உங்கள் எஞ்சினிலேயே அளந்துகொள்ளுங்கள்.

என்ன கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும்

பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதற்கு மேலே உள்ள மொத்த இடத்தை, அது உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது அமுக்க விகிதம். கராச்சில் இதைத்தான் கொம்பிரஷன் என்கிறார்கள். மிஞ்சும் இடத்தைக் குறைத்தால் விகிதம் கூடும். கலவை இறுக்கமாக அமுக்கப்பட்டு எரியும்போது, அதே பெற்றோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கிறது.

எவ்வளவு கூடுதல்? இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பௌதிகப் பாடத்தின் கணக்குப்படி 8.5இலிருந்து 9.5க்கு, அதாவது ஒரு முழுப் புள்ளி கூட்டினால், வினைத்திறன் ஏறத்தாழ 3 சதவீதமே உயர்கிறது. இந்த எஞ்சின் புதிதாக இருந்தபோது கொடுத்தது 48 குதிரைவலு. 3 சதவீதம் என்றால் ஒன்றரைக் குதிரை. அப்படியானால் ஏன் இந்தப் பாடு? ஹெட்டைக் கழற்றும்போது கரியை அகற்றுகிறோம், வால்வுகளை ஒழுங்காக அமர்த்துகிறோம், நான்கு சிலிண்டரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறோம். இவையெல்லாம் சேர்ந்துதான் காரை மாற்றுகின்றன. தாழ்ந்த வேகத்தில் இழுவை கூடுவதைக் காலால் உணரலாம். ஆனால் ஹெட்டைச் சீவினால் பந்தயக் கார் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தொழிற்சாலையே இந்த எஞ்சினை எதுவரை கொண்டுபோனது என்பது நல்ல அளவுகோல். மைனரில் 8.5 கொடுத்தார்கள். அதே 1098 சிசியை எம்ஜி 1100 காரில் இரட்டைக் கார்பரேற்றருடன் 8.9க்கு உயர்த்தினார்கள். ஆகவே 9க்கு அண்மையில் நிற்பது துணிச்சலான காரியம் அல்ல. ஏற்றத்தில் நான் கேட்ட கூழாங்கல் சத்தத்துக்குத் தட்டல் என்று பெயர்: கலவை சீராக எரியாமல் தானாக வெடிப்பது. ஒக்டேன் எண் கூடினால் பெற்றோல் தட்டாமல் கூடுதல் அமுக்கத்தைத் தாங்கும். இலங்கையில் கிடைப்பவை ஒக்டேன் 92, ஒக்டேன் 95 என்ற இரண்டு பெற்றோல். வார்ப்பிரும்பு ஹெட்டும், வால்வுகளைத் திறக்கும் வழக்கமான கேம்ஷாப்டும் உள்ள ஒரு மைனருக்கு, 92 மட்டுமே ஊற்றுவீர்கள் என்றால் 8.8ஐத் தாண்ட நான் விடமாட்டேன். 95 ஊற்றத் தயார் என்றால் 9.0 முதல் 9.3 வரை. இந்தக் கட்டுரை முழுவதும் இலக்கு 9.0 என்று வைத்துக்கொள்வோம்.

எஞ்சின் இலக்கத்தைப் பாருங்கள்

சாவியை எடுப்பதற்கு முன் எஞ்சின் இலக்கத் தகட்டைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். இலக்கத்துக்கு முன்னால் வரும் எழுத்துகளில் எச் இருந்தால் அது உயர் அமுக்க எஞ்சின். எல் இருந்தால் தாழ் அமுக்கம். தரம் குறைந்த பெற்றோல் விற்கும் நாடுகளுக்கென்று 7.5 விகிதத்தில் செய்தவை இந்த எல் எஞ்சின்கள். அவற்றின் பிஸ்டன் தலையில் ஆழமான குழி இருக்கும். அந்தக் குழியை ஹெட்டைச் சீவி ஈடுகட்ட முயன்றால் மூன்று மில்லிமீற்றர் இரும்பு போய்விடும். அங்கே மாற்ற வேண்டியது பிஸ்டனை. தகடு சொல்வதை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். ஐம்பது அறுபது ஆண்டுகளில் எத்தனையோ கைகள் உள்ளே போயிருக்கும்.

யாழ்ப்பாணத்துக் கார் என்றால் இன்னொரு கதையும் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாதுபோனபோது, ஒஸ்டின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் காட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. இக்காலத்து 10க்கு மேற்பட்ட விகிதமுள்ள எஞ்சினில் அதை ஊற்றியிருந்தால் பிஸ்டன் உடைந்திருக்கும். அந்தப் பழைய கார்களின் தாழ்ந்த கொம்பிரஷன்தான் அன்று ஊரைச் சுமந்தது. நாம் இப்போது கூட்டப்போவது அதே எண்ணைத்தான். அந்தக் காலத்தைக் கடந்து வந்த எஞ்சின் என்றால், உள்ளே என்ன மாற்றினார்கள் என்று வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை

எஞ்சினைச் சூடாக்குங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, கார்பரேற்றரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கமானியை வைத்து ஸ்ராட்டரைச் சுழற்றுங்கள். நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் பாருங்கள். எண் ஏறினால் குற்றம் பிஸ்டன் வளையங்களில். ஏறாவிட்டால் வால்விலோ, ஹெட்டின் கீழுள்ள அடைப்புத் தகடான கஸ்கெட்டிலோ. வளையம் தேய்ந்த எஞ்சினின் கொம்பிரஷனைக் கூட்டுவது ஓட்டைக் குடத்துக்கு வாயைச் சுருக்குவதுபோல. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஹெட்டைக் கழற்றுதல்

பற்றரியைக் கழற்றுங்கள். ரேடியேற்றரிலும், எஞ்சினின் உடலான புளொக்கிலும் உள்ள இரண்டு குழாய்களையும் திறந்து நீரை வடியுங்கள். கார்பரேற்றர், மனிபோல்ட், ஹீட்டர் குழாய்கள், ரொக்கர் மூடி ஆகியவற்றை எடுங்கள். ஹெட்டைப் பிடிப்பவை ஒன்பது நட்டுகள். அவற்றுள் நான்கு, வால்வுகளை அழுத்தும் ரொக்கர்களின் தாங்கிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஆகவே ரொக்கரை மட்டும் தனியே எடுக்கலாம் என்று அவற்றைத் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கம் இழுபட்டு வளையக்கூடும். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு ஒன்பதையும் கொஞ்சம் கொஞ்சமாக, கால் சுற்று கால் சுற்றாக, நடுவுக்கும் ஓரத்துக்கும் மாறி மாறித் தளர்த்துங்கள்.

புஷ் ரொட்டுகளை எடுக்கும்போது ஒவ்வொன்றையும் கொஞ்சம் ஆட்டிச் சுழற்றி எடுங்கள். இல்லாவிட்டால் அடியில் உள்ள டப்பெட்டும் எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஓர் அட்டைப் பெட்டியில் எட்டு துளை போட்டு, எண் எழுதி, வரிசைப்படி குத்தி வையுங்கள்.

ஹெட் கிளம்பாவிட்டால் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். அந்த ஒரு கீறல் பின்னாளில் நீர் கசியும் வழியாகிவிடும். மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிளக்குகளைத் திரும்பப் பூட்டி, எஞ்சினைக் கையால் சுற்றுங்கள்; உள்ளே அமுங்கும் காற்றே அதைத் தூக்கிவிடும். பழைய கஸ்கெட்டை எறிய வேண்டாம், பிறகு தேவைப்படும். ஆனால் அக்காலத்துக் கஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கும். உலர்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் தேய்க்காமல், ஈரமாக்கிச் சுரண்டி, கழிவைப் பையில் கட்டி அகற்றுங்கள்.

இப்போது ஹெட்டின் உயரத்தை அளந்துவிடுங்கள். கஸ்கெட் முகத்திலிருந்து ரொக்கர் முகம் வரை தொழிற்சாலை அளவு 69.85 மில்லிமீற்றர், அதாவது இரண்டே முக்கால் அங்குலம். உங்களுடையது 68.9 காட்டினால், உங்களுக்கு முன்பே யாரோ சீவிவிட்டார்கள் என்று பொருள். மொத்தமாக ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் போன ஹெட்டை நான் மீண்டும் சீவக் கொடுப்பதில்லை. அடித்தகட்டின் பின்னால் நீர் ஓடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

வரிசை முக்கியம்

பலர் நேரே சீவுவதற்குக் கொண்டுபோகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் வால்வு வழிகாட்டிகளும் இருக்கைகளும். ஈயம் கலந்த பெற்றோல் இப்போது இல்லாததால், வெளியேற்று வால்வுகளின் இருக்கைகள் தேய்ந்து உள்வாங்கியிருக்கலாம். கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்த இதுவே தருணம். பிறகு வால்வுகளை அரைத்து அமர்த்துங்கள். வால்வு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு கனவளவு கூடும். அதனால்தான் இந்த வேலைக்குப் பிறகே அளக்கச் சொல்கிறேன்.

அடுத்து தகன அறை. ஹெட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் நான்கு அறைகளும் இதய வடிவில் இருக்கும். இரண்டு வால்வுக்கும் நடுவில் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலேய எஞ்சின் வல்லுநர் ஹரி வெஸ்லேக் வடிவமைத்தது இது. அந்த மூக்கும் எதிரேயுள்ள தட்டையான பகுதியும் பிஸ்டன் மேலேறும்போது கலவையை அழுத்திச் சுழற்றிப் பிளக்கின் பக்கம் தள்ளுகின்றன. தட்டல் வராமல் காப்பதும் அந்தச் சுழல்தான். அழகுபடுத்துகிறேன் என்று மூக்கைக் கரைத்துவிடாதீர்கள். வார்ப்பின் பிசிறுகளையும் கூரிய விளிம்புகளையும் மட்டும் மழுக்குங்கள். கூரிய விளிம்பு எரிதழலாகி, பிளக் பொறி தருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும்.

அளத்தல்

வேலையின் இதயம் இதுதான். தேவையானவை: 50 மில்லிலீற்றர் அளவி ஒன்று, ஆறு மில்லிமீற்றர் தடிப்புள்ள அக்ரிலிக் தகடு ஒரு துண்டு, கிரீஸ், கொஞ்சம் மண்ணெண்ணெய். உயர்தர இரசாயனத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்ட அதே அளவிதான். கிடைக்காவிட்டால் 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு போதும். நீரில் ஒரு துளி சவர்க்காரம் கலந்து, சிரிஞ்சை நிரப்பி நிறுங்கள். அறையை நிரப்பிய பின் மீண்டும் நிறுங்கள். குறைந்த கிராமே கன சென்ரிமீற்றர். அக்ரிலிக்கின்மேல் பெற்றோலோ தின்னரோ படவிடாதீர்கள், வெடித்துக் கீறல் விழும்.

ஹெட்டைக் கவிழ்த்து வையுங்கள். வால்வுகள் தங்கள் சுருள்களுடன் இறுக்கமாக அமர்ந்திருக்க வேண்டும். நீங்கள் உண்மையில் பாவிக்கப்போகும் பிளக்கையே பூட்டுங்கள். வேறு நீளமுள்ள பிளக் கணக்கைக் கெடுக்கும். அறையின் விளிம்பைச் சுற்றிக் கிரீஸை மெல்லிதாகப் பூசித் தகட்டை அழுத்துங்கள். தகட்டில் விளிம்புக்கு அருகே ஒரு சிறு துளை வேண்டும். ஹெட்டை மிகச் சிறிதாகச் சாய்த்து, துளை உயரமான பக்கத்தில் இருக்குமாறு வைத்தால், காற்றுக் குமிழி தானே வெளியேறும். அளவியைப் பூச்சியத்தில் வைத்து நிரப்புங்கள். குமிழி மறைந்த கணத்தில் நிறுத்தி வாசியுங்கள். ஒரே அறையை மூன்று முறை அளந்து, மூன்றும் 0.2 சிசிக்குள் ஒத்துவந்தால்தான் அந்த எண்ணை நம்புங்கள். வாசிப்புக்கு நடுவே திரவம் தானாக இறங்கினால் ஒரு வால்வு கசிகிறது. அரைக்கும் வேலை முடியவில்லை.

நான்கு அறைகளும் ஒரே எண்ணைக் காட்டாது. என் கையில் வந்த ஒரு ஹெட்டில் 25.3, 26.4, 25.7, 25.9 என்று இருந்தன. மிகப் பெரிய அறைதான் தலைவர். மற்ற மூன்றையும் சுவரிலிருந்து மெல்ல அரைத்து 26.4க்குக் கொண்டுவந்தேன். சலிப்பான வேலை, ஒரு முழுப் பின்னேரம் போய்விடும். ஆனால் நின்ற இடத்தில் ஓடும்போது எஞ்சின் எவ்வளவு சீராக ஓடுகிறது என்று பார்த்தால் அந்தப் பின்னேரம் வீண் என்று தோன்றாது.

அடுத்து புளொக்கின் பக்கம். பிஸ்டனைச் சரியாக உச்சிக்குக் கொண்டுவந்து, அதன் விளிம்புக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கிரீஸால் அடையுங்கள். வழிந்ததைத் துடைத்துவிட்டு, அதே தகட்டைப் புளொக்கின் மேல் வைத்து நிரப்புங்கள். பிஸ்டன் தலையின் குழியும், புளொக்கின் முகத்துக்குக் கீழே அது நிற்கும் தூரமும் சேர்ந்து ஒரே எண்ணாகக் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது 7.2 சிசி.

கடைசியாகக் கஸ்கெட். பழையதை வளையத்துக்கு அருகே மைக்ரோமீற்றரால் அளந்தால் அமுங்கிய தடிப்பு தெரியும்; நீங்கள் வாங்கும் புதியதும் அதே வகையாக இருக்க வேண்டும். என்னுடையது 0.85 மி.மீ., துளையின் விட்டம் 67 மி.மீ. துளையின் பரப்பளவைத் தடிப்பால் பெருக்கினால் ஏறத்தாழ 3.0 சிசி.

கணக்கு

1098 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 64.58 மி.மீ., பிஸ்டன் பயணம் 83.72 மி.மீ. ஒரு சிலிண்டர் தள்ளும் கனவளவு 274.2 சிசி. சிலிண்டரைப் பெருப்பித்திருந்தால் புதிய விட்டத்தைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

மிஞ்சும் இடம்: 26.4 + 7.2 + 3.0 = 36.6 சிசி.
இப்போதைய விகிதம்: (274.2 + 36.6) ÷ 36.6 = 8.5.

தொழிற்சாலை சொன்ன எண்ணே வந்துவிட்டது. இப்படி வந்தால் அளந்தது சரி என்று ஒரு நிம்மதி. 7.8 என்றோ 9.4 என்றோ வந்தால் முதலில் கணக்கைச் சந்தேகியுங்கள், பிறகு பிஸ்டனை.

இலக்கு 9.0 என்றால் மிஞ்ச வேண்டிய இடம் 274.2ஐ, ஒன்பதில் ஒன்று குறைத்து வரும் 8ஆல் வகுத்தது: 34.3 சிசி. எடுக்க வேண்டியது 36.6 − 34.3 = 2.3 சிசி. அவ்வளவுதான், அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு! இந்த இரண்டு சொட்டு இடத்துக்காகத்தான் இவ்வளவு அளவையும்.

அதை மில்லிமீற்றராக மாற்ற அறை வாயின் பரப்பளவு வேண்டும். ஒரு வரைபுத்தாளை அறையின்மேல் வைத்து, விளிம்பைச் சுற்றி விரலால் அழுத்தித் தேய்த்தால் வடிவம் பதியும். கட்டங்களை எண்ணுங்கள். என்னுடையதில் 26 சதுர சென்ரிமீற்றர். 2.3ஐ 26ஆல் வகுத்தால் 0.088 சென்ரிமீற்றர். சீவ வேண்டியது 0.9 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

இப்போது என் பழைய "கொஞ்சம்" எவ்வளவு என்று பார்க்கலாம். இரண்டு மில்லிமீற்றர் என்பது 5.2 சிசி. மிஞ்சியது 31.4, விகிதம் 9.7. சாதாரணப் பெற்றோலையும், பழைய டைமிங்கையும் (பொறி விழும் நேரம்), பழைய பிளக்கையும் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறினேன். எஞ்சின் கத்தாமல் என்ன செய்யும்?

பட்டறையில்

அளவை வாயால் சொல்லாமல் ஹெட்டின் பக்கவாட்டிலேயே மையால் எழுதுங்கள்: "0.6 மி.மீ. மட்டும்." முழு 0.9ஐயும் ஒரே தடவையில் கேட்காதீர்கள். அறையின் சுவர்கள் சற்றுச் சரிந்திருப்பதால், வாயருகே பரப்பு அதிகம். கணக்கிட்ட அளவே அப்படியே குறையும் என்று நம்ப முடியாது. 0.6 சீவியதும் வீட்டுக்குக் கொண்டுவந்து மீண்டும் அளவியை வையுங்கள். மீதியைக் கணக்கிட்டு இரண்டாம் முறை கொடுங்கள். பட்டறைக்காரர் முகம் சுளிப்பார். இரண்டு தடவைக்கும் கூலி கொடுத்துவிடுங்கள். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. இரண்டு கஸ்கெட்டை அடுக்கி விகிதத்தை இறக்கலாம் என்ற யோசனையையும் நான் பரீட்சித்திருக்கிறேன். ஆறு நாளில் எண்ணெயோடு நீர் கலந்தது. அந்த ஹெட்டை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்று தேட வேண்டியதாயிற்று.

சீவி வந்ததும் அறை விளிம்பில் புதிதாக உருவான கூர்மையை அரத்தாளால் மழுக்குங்கள். நீர்வழிகளுக்குள் இரும்புத் துகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

பூட்டுதல்

புளொக்கின் முகம் மட்டமா என்று நேர்விளிம்புச் சட்டம் வைத்துப் பாருங்கள். ஸ்டட் துளைகளைச் சுற்றி இரும்பு மேலெழுந்திருந்தால் மெல்லச் சரித்து எடுங்கள். பல கஸ்கெட்டுகள் பழுதாவது அந்த மேட்டால்தான். வால்வு பிஸ்டனைத் தொடுமோ என்ற சந்தேகம் இருந்தால், பிஸ்டன் தலையில் களிமண்போன்ற விளையாட்டு மாவை ஒட்டி, ஹெட்டைத் தற்காலிகமாகப் பூட்டி எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். வழக்கமான கேம்ஷாப்டும் வழக்கமான வால்வும் 0.9 மி.மீ. சீவலும் என்றால் வால்வு பிஸ்டனைத் தொடும் பயம் இல்லை. 1275 சிசியின் பெரிய ஹெட்டை இந்தப் புளொக்கில் ஏற்ற நினைப்பவர்களுக்குத்தான் ஆபத்து: அதன் வெளியேற்று வால்வு புளொக்கிலேயே இடிக்கும், குழி வெட்டாமல் ஏற்ற முடியாது.

கஸ்கெட்டில் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று அடித்திருப்பார்கள், அப்படியே வையுங்கள். ஸ்டட் மரைகளைச் சுத்தமாக்கி ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் மூன்று கட்டமாக இறுக்குங்கள்: முதலில் 15, பிறகு 30, கடைசியாக 40 அடி-இறாத்தல். டோர்க் ரெஞ்ச் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், இரவல் வாங்கியாவது செய்யுங்கள்.

ஹெட் தாழ்ந்ததால் புஷ் ரொட்டுகள் அந்த அளவு நீண்டதுபோல் ஆகிவிட்டன. ரொக்கர் திருகுகளைத் தளர்த்தினால் 0.9 மி.மீ. சமாளித்துவிடலாம். திருகு எல்லைக்குப் போய்விட்டால் ரொக்கர் தாங்கிகளின் கீழே மெல்லிய தகடு வைக்கலாம். எண்ணெய் ஏறும் தாங்கியின் தகட்டில் எண்ணெய்த் துளை போட மறந்தால் ரொக்கர் முழுவதும் வறண்டுபோகும்.

ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான டப்பெட் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. ஒன்பது கணக்கு நினைவிருக்கட்டும்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்க, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. இரண்டு எண்களும் சேர்ந்து எப்போதும் ஒன்பது.

டைமிங்கும் ஏற்றமும்

கலவை இப்போது விரைவாக எரியும். ஆகவே பொறி முன்பைவிடச் சற்றுப் பிந்தி வரலாம். கைநூலில் உங்கள் எஞ்சினுக்குச் சொன்ன டைமிங்கிலிருந்து இரண்டு பாகை பின்வாங்கித் தொடங்குங்கள். ஒரு படி குளிர்ந்த வகைப் பிளக்கைப் போடுங்கள். கார்பரேற்றர் கலவையை மெலிந்துபோக விடாதீர்கள். மெலிந்த கலவை சூட்டைக் கூட்டும். டிஸ்ரிபியூற்றரின் உள்ளே உள்ள எடைகள் சிக்காமல் நகர்கின்றனவா என்றும் பாருங்கள். பழைய டிஸ்ரிபியூற்றரில் சுருள் தளர்ந்திருந்தால் பொறி தேவைக்கு மிஞ்சி முந்திக்கொண்டு வரும்.

எஞ்சினைச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு, நட்டுகளை மீண்டும் 40க்குப் பாருங்கள்; டப்பெட் இடைவெளியையும் மீண்டும் சரிசெய்யுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னொரு முறை. அமுக்கமானியை வைத்துப் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள்: நான்கும் ஏறியிருக்க வேண்டும், நான்கும் ஒன்றுக்கொன்று அருகே இருக்க வேண்டும்.

பிறகு ஓர் ஏற்றம் தேடுங்கள். மூன்றாம் கியரில், கண்ணாடிகளை இறக்கி, காலை முழுதாக அழுத்துங்கள். தட்டல் கேட்டால் உடனே காலை எடுங்கள். டைமிங்கை ஒரு பாகை பின்வாங்கி மீண்டும் ஏறுங்கள். கேட்காவிட்டால் ஒரு பாகை முன்னே. தட்டல் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதற்கு இரண்டு பாகை பின்னால் நிறுத்துங்கள். ஐந்து பாகை பின்வாங்கியும் தட்டுகிறது என்றால் சீவியது அதிகம், அல்லது ஊற்றிய பெற்றோல் போதாது. 95ஐ ஊற்றி இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு ரொக்கர் மூடியைக் கழற்றித் துடைத்து, அதன் உட்புறத்தில் ஆணி நுனியால் மூன்று எண்களைக் கீறி வையுங்கள்: ஹெட்டின் புதிய உயரம், அறையின் கனவளவு, விகிதம். என் காரின் மூடிக்குள் 68.96, 24.1, 9.0 என்று இருக்கிறது. அடுத்த முறை இந்த ஹெட்டைக் கழற்றுவது நானாகவும் இருக்கலாம், என் மகளாகவும் இருக்கலாம், இந்தக் காரை வாங்கும் யாரோ ஒருவராகவும் இருக்கலாம். அவர் பட்டறைக்குப் போய்க் "கொஞ்சம்" என்று சொல்ல வேண்டியிருக்காது.